கோடையைக் கடப்பது எந்தப் பருவம்? வன்னி விலங்குகளின் வாழ்க்கை வட்டம்: ஓர் எளிய விளக்கம்

தொலைக்காட்சியில் வரும் விலங்கு ஆவணப்படங்களில் பெரும்பாலானவை பனிக்காலத்தை வைத்தே ஆண்டை அளக்கின்றன. பனி உருகும், கரடி குகையை விட்டு வெளியே வரும், பறவை கூடு கட்டும், இலை உதிரும், மறுபடி பனி கொட்டும். அதையே பார்த்துப் பழகிய பிள்ளையிடம் தவளை எப்போது முட்டையிடும் என்று கேட்டால் "வசந்த காலத்தில்" என்று எழுதி வைக்கும். இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் வசந்தமும் இல்லை, பனிக்காலமும் இல்லை. இங்கே ஆண்டைப் பிரிப்பது தண்ணீர்.

ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழைதான் ஆண்டு மழையில் பெரும்பங்கு. சித்திரையில் இடியோடு கொஞ்சம் பெய்யும். அதற்குப் பிறகு புரட்டாதி வரை வெயிலும் காற்றும்தான். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற பெருங்குளங்களில் தண்ணீர் குறைந்தாலும் கிடக்கும். சிறிய ஊர்க்குளங்களும் மோட்டைகளும் ஆடி, ஆவணியில் அடி தெரிய வெடித்துவிடும். நீரில் முட்டையிடும் உயிருக்கும் பச்சை இலையைத் தின்னும் உயிருக்கும் உண்மையான சோதனை இந்த நான்கைந்து மாதம்.

ஆகவே வன்னியில் எந்த விலங்கின் வாழ்க்கை வட்டத்தைப் படித்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இந்த உயிர் எந்த வளர்ச்சிப் பருவத்தில் இருந்தபடி கோடையைக் கடக்கிறது? முட்டையாகவா, முட்டையிலிருந்து வரும் புழு போன்ற இளம்பருவமான குடம்பியாகவா, வளர்ந்த விலங்காகவா? அல்லது ஊரை விட்டே போய்விடுகிறதா? இதற்கு விடை கிடைத்தால் அதன் வட்டத்தில் பாதி விளங்கிவிடும். பயிரைக் காப்பதற்கும் நுளம்பை ஒழிப்பதற்கும் மீனைப் பெருக்குவதற்கும் எங்கே கைவைக்க வேண்டும் என்பதும் அதிலிருந்தே தெரியவரும்.

வட்டம் என்றால் என்ன

ஒரு தலைமுறையின் முட்டையில் தொடங்கி அடுத்த தலைமுறையின் முட்டை வரை உள்ள மாற்றங்களின் வரிசையே வாழ்க்கை வட்டம். தனி விலங்கு பிறந்து வளர்ந்து சாகிறது. அதற்கு வட்டம் கிடையாது. வட்டமாகத் திரும்பி வருவது இனம். பாடநூல் படத்தில் அம்புக்குறிகள் சம இடைவெளியில் இருப்பதால் ஒவ்வொரு பருவமும் ஏறக்குறைய ஒரே அளவு நாள் எடுக்கும் என்ற எண்ணம் மாணவர்களுக்கு வந்துவிடுகிறது. அப்படி இல்லை. வீட்டுத் தாழ்வாரத்து மணலில் குழி பறித்து எறும்புக்குக் காத்திருக்கும் குழியானை ஒரு குடம்பி. இரை கிடைப்பதைப் பொறுத்து ஒன்று முதல் மூன்று ஆண்டு வரை குடம்பியாகவே இருக்கும். பிறகு மணலையும் பட்டிழையையும் சேர்த்து உருண்டைக் கூடு கட்டி, தும்பியைப் போன்ற சிறகுள்ள பூச்சியாக இரவில் வெளியே வரும். அந்த நிறையுடலி, அதாவது முழுதாக வளர்ந்த பூச்சி, வாழ்வது சில வாரம்தான். மணலில் கிடப்பதை "குஞ்சு" என்றும் பறப்பதையே "உண்மையான விலங்கு" என்றும் நினைத்தால் கணக்குத் தலைகீழாகிவிடும்.

பருவங்களுக்குள் வேலைப் பங்கீடு இருக்கிறது: தின்று வளர்வது, காத்துக் கிடப்பது, இடம் மாறுவது, இனம் பெருக்குவது. சில உயிர்கள் இந்த நான்கையும் ஒரே உடலோடு செய்து முடிக்கும். யானை அப்படி. பூச்சிகளும் தவளைகளும் ஒவ்வொரு வேலைக்கும் வேறு உடல் எடுத்துக்கொள்ளும். உடலை அடியோடு மாற்றுவதைத்தான் உருமாற்றம் என்கிறோம்.

முட்டையாகக் காத்திருப்பது: டெங்கு நுளம்பு

டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு தண்ணீரின் மேல் முட்டையிடுவதில்லை. வாளி, சீமெந்துத் தொட்டி, பழைய ரயர், சிரட்டை, பூச்சாடித் தட்டு ஆகியவற்றின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரமாக இருக்கும் இடத்தில் ஒட்டிவிடும். தண்ணீர் வற்றினாலும் முட்டை சாகாது. காய்ந்த நிலையில் பல மாதம் கிடக்கும். ஐப்பசி மழையில் பாத்திரம் நிரம்பி நீர் முட்டையைத் தொட்டதும் பொரிக்கும். குடம்பி நான்கு முறை தோல் கழற்றும். இரண்டு நாள் கூட்டுப்புழுவாக இருக்கும். எங்கள் வெப்பத்தில் முட்டை பொரித்ததிலிருந்து ஏழு முதல் பத்து நாளில் நுளம்பு பறந்துவிடும்.

இந்தக் கணக்கிலிருந்து இரண்டு காரியம் விளங்கும். வாரம் ஒருமுறை நீர்ப்பாத்திரங்களை வெறுமையாக்கச் சொல்வது ஏனென்றால், வட்டம் ஏழு நாளுக்குள் முடிவது அரிது. பத்து நாளுக்கு ஒருமுறை கழுவுகிறவர் நுளம்பை வளர்த்து அனுப்புகிறவர் ஆகிவிடுவார். இரண்டாவது, தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை சுவரில் இருக்கிறது. தும்புத் தூரிகையால் உட்சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும், கழுவிய தண்ணீரை வெயில் படும் மணலில் ஊற்ற வேண்டும். கோடையில் காய்ந்து கிடக்கும் தொட்டியைத் தேய்ப்பது வீண்வேலை போலத் தோன்றும். முட்டைகள் அசையாமல் ஓரிடத்தில் இருக்கும் காலம் அதுதான். உண்மையில் மிக லாபமான வேலை அது.

மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் நுளம்பின் முட்டைக்கு இந்தத் தாங்குசக்தி இல்லை. நீரின் மேல் தனித்தனியாக மிதக்கும், காய்ந்தால் செத்துவிடும். ஆகவே அதற்குக் கோடையிலும் நீர் தேவை: ஆற்றுப் படுக்கையில் தேங்கிய குழி, கைவிட்ட கிணறு. ஒருகாலத்தில் மலேரியாவுக்குப் பேர்போன வன்னியையும் உள்ளடக்கிய இலங்கையை 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. நுளம்பு போகவில்லை, கிருமியின் வட்டம்தான் அறுந்தது. அந்தக் கிருமியின் வட்டத்துக்கு மனிதனும் வேண்டும், நுளம்பும் வேண்டும். இரண்டில் ஒன்றிலிருந்து அதை முற்றாக நீக்கினால் வட்டம் ஓடாது.

மண்ணுக்குள் காத்திருப்பது: தவளை

முதல் பெருமழை பெய்த இரவே குளத்தங்கரை முழுக்கத் தவளைச் சத்தம் கிளம்புவது, அவை எங்கிருந்தோ வந்ததால் அல்ல. உருண்ட உடலும் குறுகிய முகமும் கொண்ட சில இனங்கள் பின்னங்கால்களால் மண்ணைத் தோண்டிக்கொண்டு பின்பக்கமாகவே இறங்கி, கோடை முழுவதும் ஈரமண்ணில் அசையாமல் கிடக்கும். இங்கே கோடையைக் கடப்பது வளர்ந்த தவளை. முட்டைக்கோ, தவளையின் குடம்பியான வாற்பேய்க்கோ (தலைப்பிரட்டை) அந்தத் திறன் கிடையாது. ஆகவே தண்ணீர் வந்த உடனே அவசரமாக முட்டையிட்டு, குட்டை வற்றுமுன் வட்டத்தை முடித்தாக வேண்டும். மீன் இல்லாத, சில வாரம் மட்டும் நிற்கும் குட்டையை இவை தேர்ந்தெடுப்பதற்கும் காரணம் உண்டு. பெருங்குளத்தில் முட்டையை மீன் விடாது.

வீட்டுக் குளியலறைச் சுவரில் ஒட்டியிருக்கும் தேரை வேறு வழி கண்டுபிடித்திருக்கிறது. நீருக்கு மேலே தொங்கும் கிளையிலோ தொட்டிச் சுவரிலோ நுரைக்கூடு செய்து அதற்குள் முட்டையிடும். நுரையின் வெளிப்புறம் காய்ந்து தோலாகும், உள்ளே ஈரம் தங்கும். சில நாளில் வாற்பேய்கள் கூட்டைக் கரைத்துக்கொண்டு கீழேயுள்ள நீரில் விழும். அந்த நுரையைக் கண்டதும் அழுக்கென்று வழித்துப் போடுகிறவர்கள் அதிகம்.

வாற்பேயின் உடலில் நடக்கும் மாற்றம் வெளியே தெரிவதைவிடப் பெரியது. தொடக்கத்தில் பாசியைச் சுரண்டித் தின்னும். அதற்கேற்ற நீண்ட சுருண்ட குடல், கொம்புப் பற்கள், நீரில் மூச்சுவிடும் பூக்கள் (செவுள்கள்). தைரொயிட் சுரப்பியின் ஓமோன் பெருகியதும் பின்னங்கால்கள் முதலில் வெளியே தெரியும், பிறகு முன்னங்கால்கள். குடல் குறுகி இறைச்சி தின்னும் குடலாகும். வாய் அகலும். பூக்கள் போய் நுரையீரல் வேலைக்கு வரும். வால் அறுந்து விழுவதில்லை. உடலே அதைக் கரைத்து உறிஞ்சிக்கொள்ளும். வாய் மாறிக்கொண்டிருக்கும் சில நாளில் அது எதையும் தின்ன முடியாது. கரையும் வால்தான் அப்போது அதன் உணவு.

வகுப்பறையில் வாற்பேய் வளர்ப்பவர்கள் பெரும்பாலும் இந்த நாட்களில்தான் தோற்கிறார்கள். அகன்ற பேசினில் நான்கு விரற்கடை உயரத்துக்குக் குளத்து நீரோ மழைநீரோ எடுக்க வேண்டும். குளோரின் கலந்த குழாய்நீர் என்றால் ஒரு நாள் திறந்து வைத்த பின்பே பயன்படுத்தலாம். ஒரு லீற்றருக்கு நான்கைந்து வாற்பேய்க்கு மேல் வேண்டாம். அவித்து ஆறிய கீரை இலை ஒரு துண்டு நாளுக்குப் போதும்; மிச்சத்தை மாலையில் எடுத்துவிட வேண்டும். இரக்கப்பட்டுச் சோற்றை அள்ளிப் போட்டால் நீர் புளித்து, ஒட்சிசன் குறைந்து, காலையில் எல்லாம் மிதக்கும். நேர் வெயிலில் வைத்த பேசினிலும் இதே கதிதான். முன்னங்கால் தெரிந்த உடனே பாதி நீருக்கு மேல் நிற்கும்படி ஒரு கல்லையோ சாய்ந்த ஓட்டுத் துண்டையோ வைக்க வேண்டும். அது இல்லாவிட்டால், நுரையீரலால் மூச்சுவிடத் தொடங்கிய குட்டித் தவளை ஏறுவதற்கு இடமின்றி மூழ்கிச் சாகும். முடிந்ததும் எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விடுங்கள்.

உடலை மாற்றும் இரு வழிகள்

பூச்சிகளில் உருமாற்றம் இரண்டு வகை. முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, நிறையுடலி என நான்கு பருவமும் இருந்தால் நிறையுருமாற்றம். முட்டையிலிருந்து வருவது தாயைப் போன்ற, ஆனால் சிறகில்லாத அணங்காக இருந்து, தோல் கழற்றிக் கழற்றியே பெரிதானால் குறையுருமாற்றம். வண்ணத்துப்பூச்சி, வண்டு, நுளம்பு, ஈ முதல் வகை; வெட்டுக்கிளி, கரப்பான், தத்தி, தும்பி இரண்டாம் வகை. மனப்பாடம் செய்ய இது போதும். ஆனால் இந்த வேறுபாட்டின் பயன் வயலிலும் தோட்டத்திலும்தான் தெரியும்.

நெல்லைத் தாக்கும் கபிலநிறத் தத்தியை எடுத்துக்கொள்வோம். எங்கள் விவசாயிகள் அறக்கொட்டியான் என்பார்கள். குறையுருமாற்றம்; ஆகவே அணங்கும் நிறையுடலியும் ஒரே இடத்தில், நெற்தூரின் அடியில், ஒரே சாற்றை உறிஞ்சும். பெண் தத்தி தாள் மடலைக் கீறி அதற்குள் முட்டையைச் செருகும். ஏழு முதல் ஒன்பது நாளில் பொரிக்கும். இரண்டு வாரமளவில் ஐந்து முறை தோல் கழற்றி வளரும். வயலுக்கு முதலில் பறந்து வருபவை நீண்ட சிறகுள்ளவை. நல்ல உணவு கிடைத்ததும் அடுத்த தலைமுறையில் குறுஞ்சிறகுள்ளவை அதிகம் பிறக்கும். அவை பறக்காமல் முட்டையிடுவதிலேயே சக்தியைச் செலவிடும். பயிர் முற்றி நெருக்கம் கூடியதும் மறுபடி நீண்ட சிறகு வரும், அடுத்த வயலுக்குப் போகும்.

மருந்து அடித்தும் ஏன் திரும்ப வருகிறது என்ற கேள்விக்கு விடை முட்டைப் பருவத்தில் இருக்கிறது. தொடுகையால் கொல்லும் மருந்து மடலுக்குள் இருக்கும் முட்டையை எட்டாது. அதேவேளை தத்தியைத் தின்னும் சிலந்திகளும் தத்தி முட்டையை உறிஞ்சும் சிறு நாவாய்ப்பூச்சிகளும் செத்துவிடும். ஒரு வாரம் கழித்து முட்டைகள் பொரிக்கும்போது வயலில் காவல் இருக்காது. வட்டவட்டமாகப் பயிர் கருகி நிற்பது அப்போதுதான். யூரியாவை அள்ளி வீசுவதும் நெருக்கி விதைப்பதும் இதை இன்னும் கூட்டும்.

இப்போது நம் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அறக்கொட்டியான் எந்தப் பருவத்தில் கோடையைக் கடக்கிறது? அதற்கு அப்படியொரு பருவமே இல்லை. காய்ந்து காத்திருக்கும் முட்டை கிடையாது, மண்ணில் புதையும் கூடு கிடையாது. அதற்கு எப்போதும் பச்சை நெல் வேண்டும். மாரிமழையில் செய்யும் காலபோகம் வெட்டிய பின் கோடையில் செய்யும் சிறுபோகம், சிறுபோகம் இல்லாத இடத்தில் தாளடியில் துளிர்த்த மறுதாம்பு, உதிர்ந்து முளைத்த நெல், இப்படித் தாவித் தாவித்தான் பிழைக்கிறது. ஒரு குளத்தின் கீழுள்ள வயல்களை எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் விதைத்து, வெட்டியதும் தாளை உழுது புரட்டி, இடையில் பச்சை நெல்லே இல்லாத சில வாரங்களை உண்டாக்கினால் அதன் வட்டம் அறும். ஆளுக்கொரு நாளில் விதைத்தால், அறுவடையான வயலிலிருந்து பால்பிடிக்கும் வயலுக்கு அதற்கு நாமே பாதை போட்டுக் கொடுக்கிறோம்.

தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு நிறையுருமாற்றத்துக்கு நல்ல உதாரணம். இங்கே குடம்பியும் நிறையுடலியும் இரண்டு வேறு வீடுகளில் வாழ்கின்றன. முட்டை எருக்குவியலிலோ உக்கிய தென்னை, பனைக் குற்றியிலோ இடப்படும். எட்டு முதல் பன்னிரண்டு நாளில் பொரித்து, மூன்று நான்கு மாதமோ அதற்கு மேலோ வெள்ளைக் குடம்பியாக எருவைத் தின்று பருக்கும். மூன்று வாரமளவு கூட்டுப்புழு. பிறகு வரும் வண்டு எருவைத் தொடாது. இரவில் பறந்து தென்னையின் குருத்தைத் துளைத்துச் சாற்றைக் குடிக்கும். விரியும்போது ஓலை முக்கோணமாக வெட்டினதுபோல் இருந்தால் அதுதான் அடையாளம். சேதம் மரத்தின் உச்சியில், தொழிற்சாலை அடிவளவில்.

இரும்புக் கம்பியால் வண்டைக் குத்தி எடுப்பது அவசியமான வேலைதான். ஆனால் அதோடு நிற்பவர்கள் அடுத்த ஆண்டும் குத்திக்கொண்டே இருப்பார்கள். குடம்பி மூன்று மாதத்துக்கு மேல் எருவில் இருக்கிறதல்லவா. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எருக்குவியலை அடிவரை புரட்டினால் அது வண்டாகுமுன் கையில் அகப்படும். கோழியை அவிழ்த்து விட்டால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். பட்ட மரத்தைத் தறித்து வளவில் அப்படியே போட்டு வைப்பது பெரிய தவறு. பிளந்து காயவைத்து எரிக்க வேண்டும். போருக்குப் பின் தலை இழந்து நின்ற தென்னைகளைப் பார்த்தவர்களுக்கு, இத்தகைய மரம் உக்கும்போது எத்தனை ஆயிரம் குடம்பிகளுக்கு உணவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஒரு மாதத்தில் முழு வட்டத்தையும் பார்க்க: தேசி மரத்து வண்ணத்துப்பூச்சி

ஆவணப்படம் ஐந்து நிமிடத்தில் காட்டுவதை நேரில் பார்க்க விரும்புகிறவர்களுக்குத் தேசி (எலுமிச்சை) மரமும் கறிவேப்பிலைச் செடியும் போதும். கறுப்பும் மஞ்சளும் கலந்த வண்ணத்துப்பூச்சி ஒன்று இளந்தளிரில் ஒவ்வொன்றாக, குண்டூசித் தலையளவு வெளிர்மஞ்சள் முட்டையிடும். மூன்று முதல் ஆறு நாளில் பொரிக்கும். முதல் நான்கு படிகளில் புழு பறவை எச்சம் போலவே இருக்கும். ஐந்தாம் படியில் பச்சை நிறமாகும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறக் கொம்பொன்றை நீட்டி நாற்றம் விடும், கடிக்காது. இரண்டு மூன்று வாரத்தில் கூட்டுப்புழுவாகி, அதற்குப் பின் எட்டு முதல் பத்து நாளளவில் பூச்சி வெளியே வரும்.

முட்டையோடு அல்லது மிகச் சிறிய புழுவோடு தளிரை ஒடித்து எடுங்கள். பெரிய புழுவை எடுத்தால், அதற்குள் ஏற்கெனவே ஒட்டுண்ணிக் குளவி முட்டையிட்டிருக்கக்கூடும். கடைசியில் கூட்டிலிருந்து வண்ணத்துப்பூச்சிக்குப் பதிலாகக் குட்டிக் குளவிகள் வரும். அதுவும் ஒரு வாழ்க்கை வட்டம்தான், ஆனால் பிள்ளைகள் அழுவார்கள். தளிர்க் காம்பைச் சிறு மருந்துப் போத்தலில் நீர் ஊற்றிச் செருகி, வாயைப் பஞ்சால் இறுக அடையுங்கள். அடைக்காவிட்டால் புழு காம்பு வழியே இறங்கி மூழ்கிவிடும். இதைப் பெரிய போத்தலுக்குள் வைத்து மேலே நுளம்பு வலைத் துணி கட்டலாம். பொலித்தீன் கட்டினால் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். எச்சத்தைத் தினமும் தட்டிவிட்டுப் புதுத் தளிர் வையுங்கள். தனியாகத் தண்ணீர் தெளிக்கத் தேவையில்லை. மருந்து அடித்த மரத்து இலை ஒன்று போதும், எல்லாம் முடிந்துவிடும்.

வளர்ந்த புழு ஒரு நாள் தின்பதை நிறுத்தி, நீராகக் கழிந்து, அங்குமிங்கும் ஓடும். வருத்தம் வந்துவிட்டதென்று பலர் தூக்கி எறிவது இந்த நாளில்தான். குடலை வெறுமையாக்கிவிட்டுக் கூடு கட்ட இடம் தேடுகிறது, அவ்வளவே. அதற்காகச் சாய்வாக ஒரு குச்சி வையுங்கள். வாலை ஒட்டி, இடுப்பில் பட்டிழைப் பட்டி கட்டிக்கொண்டு தொங்கும். கூட்டுக்குள் சிறகின் நிறம் தெரியத் தொடங்கினால் அடுத்த நாள் பெரும்பாலும் காலையில் வெளிவரும். கைத்தொலைபேசியில் படம்பிடிப்பதென்றால் அன்றிரவே அதைத் தாங்கியில் நிறுத்தி, இடைவெளிவிட்டுப் படமெடுக்கும் முறையில் போட்டு விடலாம். வெளிவந்த பூச்சி தொங்கிக்கொண்டே அரைமணியளவில் சிறகை விரித்து, ஒன்றிரண்டு மணிநேரம் உலர்த்தும். அந்த நேரத்தில் யாராவது தொட்டு விழுத்தினால் சிறகு மடிந்தபடியே இறுகிவிடும். பிறகு அது பறக்காது. கீழே சொட்டும் செந்நிற நீர் இரத்தமல்ல, கூட்டுக்குள் சேர்ந்த கழிவு.

ஆவணப்படத்தில் நீங்கள் பார்க்கும் "ஒரே" வண்ணத்துப்பூச்சி பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. பத்து இருபது புழுக்களை வளர்த்து, எது கமராவுக்கு முன்னால் ஒழுங்காகச் செய்ததோ அந்தக் காட்சிகளை ஒட்டுவது இத்துறையில் வழமை. அதில் ஏமாற்று ஏதுமில்லை. ஆனால் எத்தனை முட்டையில் எத்தனை மிஞ்சின, ஒவ்வொரு பருவத்துக்கும் எத்தனை நாள் ஆனது என்ற இரண்டையும் படம் சொல்லாவிட்டால், பார்க்கிறவர் தேடித் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஊரை விட்டுப் போகிறவை

மழையோடு கூட்டம் கூட்டமாக வயலின் மேலே பறக்கும் மஞ்சள்நிறத் தும்பியின் அணங்கு, தற்காலிகக் குட்டையில் நாற்பது முதல் அறுபது நாளளவில் வளர்ந்துவிடும். நீருக்குள் அது நுளம்புக் குடம்பியையும் வாற்பேயையும் வேட்டையாடும். குட்டை வற்றும்போது நிறையுடலி காற்றோடு போய்விடும். இந்த இனம் இந்துசமுத்திரத்தைத் தாண்டி மாலைதீவு வழியாகக் கிழக்கு ஆபிரிக்கா வரை தலைமுறை தலைமுறையாக மழையைத் தேடிப் போகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மன்னார் வங்காலையில் மாரியில் வந்திறங்கும் ஊசிவால் வாத்துகளுக்கு இது மறுபக்கம். அவை முட்டையிடுவது வடக்கே, தொலைதூரத்தில். அந்த வட்டத்தில் தின்று உடல் தேற்றும் துண்டு மட்டும்தான் இங்கே நடக்கிறது. வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலமானதற்கு, அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக ஏற்கப்பட்டதற்கு, இப்படிப்பட்ட வருகையாளர்களும் ஒரு காரணம்.

குளத்தில் பெருகுபவையும் பெருகாதவையும்

விரால் காற்றை நேரடியாகச் சுவாசிக்கும். நீர் வற்றினால் சேற்றில் புதைந்து, தோல் ஈரமாக இருக்கும் வரை தாக்குப்பிடிக்கும். மழையில் நீர்ப்புல்லுக்கிடையே வட்டமாக இடம் ஒதுக்கி முட்டையிடும். முட்டை மிதக்கும், ஒன்று முதல் மூன்று நாளில் பொரிக்கும். செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் திரளாக மேலே வந்து மூச்செடுக்க, தாய் தந்தை கீழே காவல் நிற்கும். அந்தத் திரளைக் குறியாக வைத்துப் பெரிய விராலைத் தூண்டிலில் எடுப்பவர்கள் உண்டு. ஒரு மீன் கிடைக்கும். காவலற்ற நூற்றுக்கணக்கான குஞ்சுகளை மற்ற மீன்கள் அன்றே முடித்துவிடும்.

1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா முட்டையையே வாயில் வைத்து அடைகாக்கும். பத்துப் பன்னிரண்டு நாள் தாய் ஒன்றும் தின்னாது. நின்ற நீரிலேயே இனம் பெருகுவதால் ஒருமுறை விட்ட குளத்தில் அது தானாகவே நிற்கும். கட்லாவும் றோகுவும் அப்படியல்ல. அவற்றுக்கு முட்டையிட ஓடும் வெள்ளம் வேண்டும். குளத்தில் நன்றாகப் பருக்கும், ஆனால் குஞ்சு வராது. பொரிப்பகத்தில் ஓமோன் ஊசி போட்டு எடுத்த குஞ்சுகளை மீண்டும் மீண்டும் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

நன்னீர் இறாலில் இந்தக் குழப்பம் இன்னும் பெரிது. குளத்தில் பிடித்த பெண் இறாலின் வயிற்றில் முட்டை இருப்பதைக் கண்டு, "குளத்திலேயே பெருகுது, இனிக் குஞ்சு விடத் தேவையில்லை" என்று முடிவெடுத்துவிடுவார்கள். முட்டை உண்மைதான். ஆனால் பொரிக்கும் குடம்பிக்கு உவர்நீர் வேண்டும். ஆயிரத்தில் பன்னிரண்டு பங்களவு உப்பு. நன்னீரிலேயே கிடந்தால் சில நாளில் சாகும். இயற்கையில் தாய் ஆற்றோடு முகத்துவாரம் வரை இறங்கும். குளக்கட்டு அந்த வழியை மூடிவிட்டது. நந்திக்கடல் என்ற கடலோரக் களப்பில் பிடிபடும் இறால்களுக்கு வட்டம் நேர் எதிர்: முட்டை கடலில், வளர்ச்சி களப்பில். சிறு இறால் களப்பில் மூன்று நான்கு மாதம் பருத்து, முகத்துவாரம் திறக்கும்போது கடலுக்குத் திரும்பும். முகத்துவாரத்தை முந்தி வெட்டினால் பருக்காத இறால் வெளியேறிவிடும். பிந்தி வெட்டினால் புதுக் குஞ்சு உள்ளே வராது.

விலாங்கு இன்னும் தூரம் போகும். பல ஆண்டு குளத்திலும் ஆற்றிலும் வாழ்ந்து, ஒரு மாரி வெள்ளத்தோடு கடலுக்கு இறங்கி, அங்கே முட்டையிட்டுச் சாகும். இலைபோலத் தட்டையான, கண்ணாடி போன்ற குடம்பி நீரோட்டத்தில் மிதந்து கரைக்கு வந்து குட்டி விலாங்காகி ஆற்றில் ஏறும்.

மெல்ல ஓடும் வட்டங்கள்

குளத்து முதலை கோடையில் கரை மண்ணில் பொந்து தோண்டி ஒதுங்கிக்கொள்ளும். நீர்மட்டத்துக்கு மேலே குழி தோண்டி இருபத்தைந்து முப்பது முட்டை வரை இடும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மண்ணின் சூடுதான் முடிவு செய்கிறது, 32.5 பாகை செல்சியசை ஒட்டி ஆண்கள் அதிகம், அதற்குக் கீழே பெண்கள். கடலாமையில் வேறு: ஏறக்குறைய 29 பாகைக்கு மேல் சூடு கூடக் கூடப் பெண்கள். முதலைத் தாய் கூட்டருகே காவல் கிடப்பதால், கோடையில் அலைகரையில் புதிதாகக் கிளறிய மண்ணைக் கண்டால் கிட்டப் போகாதீர்கள்.

யானை உடலையும் மாற்றாது, புதைந்தும் கிடக்காது. எந்த மடுவில் எந்த மாதம் நீர் நிற்கும் என்று மூத்த பெண் யானை நினைவில் வைத்திருப்பதே அதன் கோடைக்கான ஏற்பாடு. கர்ப்பம் 22 மாதம் வரை. குட்டிக்கும் குட்டிக்கும் இடையே நான்கைந்து ஆண்டு. பெண் யானை பதினைந்து வயதளவில் முதற்குட்டி ஈன்று ஐம்பது வரை ஈன்றாலும் ஏழெட்டுக் குட்டிதான். நுளம்புக் கூட்டத்தில் பாதியை அழித்தால் ஒரு மாதத்தில் நிரம்பிவிடும். யானைக் கூட்டத்தில் ஒரு மூத்த பெண் செத்தால் அந்த இடம் நிரம்பப் பல பத்தாண்டு ஆகும்.

முல்லைத்தீவுக் கரையில் கடலாமை முட்டையிட்ட இடத்தைக் கண்டால் செய்ய வேண்டியது சொற்பம். ஒரு குழியில் நூறளவில் முட்டை இருக்கும்; ஏழெட்டு வாரத்தில் பொரிக்கும். இட்ட சில மணிநேரத்துக்குப் பின் முட்டையைப் புரட்டினால், ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிய கரு பிய்ந்து செத்துவிடும். நல்லெண்ணத்தோடு தோண்டி வீட்டுக்குக் கொண்டுபோய் மணலில் புதைப்பவை பெரும்பாலும் பொரிக்காததற்கு இதுவே காரணம். குஞ்சுகள் இரவில் வெளிச்சமான திசையைக் கடல் என்று நம்பி நடக்கும். ஆகவே பொரிக்கும் நாட்களில் கரையோர விளக்கை அணைத்து வையுங்கள், நாய்களைக் கட்டி வையுங்கள். கடலாமையும் அதன் முட்டையும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. இடத்தை மாற்ற வேண்டிய தேவை வந்தால் அதை வனசீவராசிகள் திணைக்களத்தினர் செய்யட்டும்.